முப்பத்தொரு பேருக்குச் சித்தி

ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம், தொண்டை மட்டும் கட்டிப்போச்சு. நீ எப்படி இருக்கே? முட்டி வலி பரவாயில்லையா? கப்பல்லேர்ந்து மாமா ஏதாவது எழுதினாரா?

வேலையில சேந்து ஒரு வாரம் ஆச்சு. பெரிய கூடம், ரெண்டு வரிசை கட்டில், முப்பத்திரண்டு பசங்க, ஒரே ஒரு வார்டன், அது நான். இன்டர்வியூவுல பிரின்ஸ்பால் என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கலை. "இந்த ஸ்கூல்ல படிக்கற பசங்கள்ல உங்களுக்குச் சொந்தம்னு யாராவது இருக்காங்களா?"ன்னு மட்டும் கேட்டார். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே, கண்ணை இமைக்காம "இல்லை சார்"னேன். "நல்லது. இருந்தா வார்டன் போகணும், இல்லைன்னா பையன் போகணும். ஒரே பையன் தட்டுல ரெண்டு பிஸ்கட் விழறது எனக்குப் பிடிக்காது"ன்னார். மனுஷன் வெயில் மழை எதுவும் இல்லாதப்பவும் குடையோடதான் நடக்கறார். பாத்தாலே நான் தூணுக்குப் பின்னாடி ஒதுங்கிடறேன்.

நம்ம துரைக்கு மூணாவது கட்டில். நான் உள்ளே நுழைஞ்சதும் அவன் முகம் மலர்ந்ததைப் பாக்கணுமே! வாயைத் திறந்து "சி..."ன்னு ஆரம்பிச்சுட்டான். முறைச்சேன் பாரு ஒரு முறை. "சி... சிரமம் இல்லாம வந்தீங்களா மிஸ்?"னு மாத்திட்டான். உன் பிள்ளைக்குச் சொல்லியா குடுக்கணும்! அப்புறம் துணி துவைக்கற இடத்துக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய் விஷயத்தைச் சொன்னேன். வருஷம் முடியற வரைக்கும் நான் மிஸ், நீ மூணாம் நம்பர் கட்டில், அவ்வளவுதான்னேன். "தனியா இருக்கறப்ப கூடவா?"ன்னான். தனியா இருக்கவே கூடாதுன்னேன். சரின்னு தலையை ஆட்டிட்டு ஓடிட்டான். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீ டியூட்டிக்குப் போறப்ப எல்லாம் என் இடுப்புலயே வளர்ந்தவன். நான் அந்தக் கம்பெனி வேலைக்குன்னு வெளியூர் போனதாலதானே இவனை ஹாஸ்டல்ல சேக்க வேண்டி வந்துச்சு?

சனிக்கிழமை காலையில பெட்ஷீட் மாத்தறது, நகம் வெட்டறது, ஷூவுக்குப் பாலிஷ் போடறது. பாலிஷ் பாதி ஷூவுக்கும் பாதி மூஞ்சிக்கும் போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் வீட்டுக்கு லெட்டர் எழுதணும். நான் படிச்சுப் பாத்துத்தான் உறையை ஒட்டணும், அது இங்க ரூல்.

வேலையை நிரந்தரம் பண்றதுக்கு முன்னாடி கொஞ்ச மாசம் பாப்பாங்களாம். இதுவும் போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் இல்லை. உன் சோபாவுலயே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். ஆபீஸ் போன்ல கூப்பிடாதே. கிளார்க்குக்கு உடம்பெல்லாம் காது. உடம்பைப் பாத்துக்கோ, பதில் போடு.

உன் தங்கை

*

ஜூலை 14

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதறது.

நான் நல்லாத்தான் இருக்கேன். முட்டி வலிதான் டிக்கெட் எடுக்காம என்கூடவே பஸ்ஸுல ஏறி இறங்குது. மாமா லெட்டர் வந்துச்சு, அவரும் இஞ்சினும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டே இருக்காங்களாம். உன் தொண்டைக்கு வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளி. அதையும் நான்தான் சொல்லணும்.

பொய் சொல்லச் சொன்னது நான். அந்தப் பாவம் என் கணக்கு. நீ வேலையை மட்டும் பாரு. பஸ்ஸுல என் சொந்தக்காரன் ஏறினா அவன்கிட்டதான் முதல்ல டிக்கெட் கேப்பேன், அதுவும் பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி கேப்பேன். அப்பத்தான் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். நீயும் அப்படியே இரு. மத்தவனுக்கு ஒண்ணுன்னா அவனுக்கு அரை குடு. மத்தவனை ஒரு திட்டு திட்டினா அவனை ரெண்டு திட்டு. சந்தேகம்ங்கற பேச்சே வராது.

அவன் தூங்கறப்ப ஒரு காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிடுவான், உனக்கே தெரியும். அப்புறம் சளி பிடிச்சு நாலு நாள் படுப்பான். அதுக்காக நீ போய்ப் பாக்காதே, மாட்டிக்குவே. சும்மா ஞாபகம் வந்துச்சு, எழுதினேன்.

அடுத்த மாசம் பெற்றோர் பாக்க வர்ற ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். உன்னைத் தெரியாத மாதிரியே நடந்துக்கறேன், பயப்படாதே. நடிப்புக்கு என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூலை 20, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா? அப்பா நலமா? கப்பல் நலமா?

எங்களுக்குப் புது வார்டன் மிஸ் வந்திருக்காங்க. ரொம்ப ரொம்பக் கண்டிப்பு. சனிக்கிழமை எல்லாருக்கும் ஒரு வேலை குடுக்கறாங்க. மைக்குக்கு ஜன்னல் தொடைக்கற வேலை. (அவன் குரல் ரொம்பச் சத்தம், அதனால அவன் பேர் மைக்.) எதுக்கும் வாதம் பண்ற வக்கீலுக்குப் புத்தகம் அடுக்கற வேலை. எனக்குக் குளியலறைத் தரையைத் தேய்க்கற வேலை. போன சனியும் குளியலறை, அதுக்கு முந்தின சனியும் குளியலறை. "ஏன் மிஸ் எனக்கே வருது?"ன்னு கேட்டேன். "கேள்வி கேட்டா அடுத்த வாரமும்"ன்னாங்க.

பிஸ்கட் எல்லாருக்கும் முழுசு குடுத்தாங்க. எனக்கு உடைஞ்சது. டப்பாவுல முழு பிஸ்கட் இருந்துச்சு, நான் பாத்தேன்.

இந்த லெட்டரை மிஸ் படிப்பாங்க. அதனால நான் ஒண்ணும் குறை சொல்லலை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க, என் சட்டைப் பட்டனை நல்லாத் தைப்பாங்க. அவங்க இங்க இருந்தா என் நீலச் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லைன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அவங்ககிட்ட நீ சொல்ல வேண்டாம். சும்மா எழுதினேன்.

உடம்பைப் பாத்துக்கோ. முட்டிக்கு மருந்து தடவு.

உன் மகன்

*

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லபடியா ஊர் போய்ச் சேந்தியா? எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை, போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நெஞ்சுதான் படபடன்னு அடிச்சுக்குது. காரணம் நீதான்.

தெரியாத மாதிரி நடிக்கறேன்னியே, அதுவா நடிப்பு? பிரின்ஸ்பாலுக்கு முன்னாடி "வணக்கம் மிஸ், உங்களை இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன்"ன்னே. சரி. அதையே மறுபடியும் சொன்னே. போயிட்டிருந்த சமையல்காரரை நிறுத்தி, "இந்த மிஸ்ஸை நான் இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லைங்க"ன்னு அவர்கிட்டயும் சொன்னே! அவர் என்ன கேட்டாரா? அப்புறம் வராண்டாவுல, கிளார்க் பக்கத்துல நிக்கறப்ப, "என்னடி இப்படி இளைச்சுட்டே?"ன்னு கையை நீட்டி என் முடியைக் காதுக்குப் பின்னாடி ஒதுக்க வந்தே. எனக்கு உயிரே போயிடுச்சு. கிளார்க் திரும்பினதும் நீ அப்படியே குனிஞ்சு தொட்டிச் செடியோட இலையைத் தடவி, "பாவம், இதுக்குத் தண்ணியே ஊத்தறதில்லையா?"ன்னே பாரு, அதுக்கு மட்டும் உனக்கு ஒரு கும்பிடு போடறேன். அன்னிலேர்ந்து கிளார்க் அந்தச் செடிக்கு வேளாவேளைக்குத் தண்ணி ஊத்தறார். செடி அழுகிப்போச்சு.

நேத்து சனிக்கிழமை புதையல் வேட்டை வச்சேன். தோட்டத்து பெஞ்சுக்கு அடியில பிஸ்கட் டின்னை ஒளிச்சு வச்சுட்டு, "பச்சைக்குக் கீழே பாருங்கள்"னு கடைசிக் குறிப்பு எழுதினேன். பெஞ்சுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சிருக்கு. நம்ம பசங்களுக்கு அது புரிஞ்சாத்தானே! பிரின்ஸ்பால் ஆசையா போட்டிருந்த கேரட் பாத்தியை மொத்தமா பிடுங்கிட்டானுங்க. விரல் பருமன்கூட இல்லாத கேரட். வக்கீல் மட்டும் நின்னு, "மிஸ், பச்சைன்னு எழுதினது நீங்க, அதுக்குக் கீழே பாத்தது நாங்க, இதுல தப்பு யார் மேல?"ன்னு வாதம் பண்றான். பிரின்ஸ்பால் குடையை ஊன்றிக்கிட்டு ஒரு கேரட்டை எடுத்துப் பாத்தார். அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார். அதான் பயமா இருக்கு.

பாத்தியை யார் சரி பண்றதுன்னு வந்தப்ப, நம்ம துரை பேரைச் சொன்னேன். அவன் அன்னிக்கு ஒரு செடியைக்கூடத் தொடலை அக்கா, கை கட்டி நின்னுட்டுத்தான் இருந்தான். இருந்தாலும் சொன்னேன். மண்வெட்டியை எடுத்துட்டுப் போனான்.

நீலச் சட்டைக்குப் பட்டன் தைச்சாச்சு. மத்த முப்பத்தொரு பேர் சட்டையிலயும் பட்டன் பாக்கணும்னு ஒரு ரூல் போட்டு, எல்லாருக்கும் தைச்சப்பதான் இவனுக்கும் தைக்க முடிஞ்சுது. விரலெல்லாம் ஓட்டை. நீ உடம்பைப் பாத்துக்கோ, மாமாவைக் கேட்டதா எழுது.

தங்கை

*

ஆகஸ்ட் 19

அன்புத் தங்கச்சிக்கு,

வந்து சேந்தேன், நல்லா இருக்கேன், முட்டி அப்படியேதான். உன் நெஞ்சு படபடப்புக்கு காபியைக் குறை.

என் நடிப்பைக் குறை சொல்றியே, செடி கதையை வேற யாரால அந்த நேரத்துல யோசிச்சிருக்க முடியும்? நீ மட்டும் என்ன ஒழுங்கு? அவன் என்னைப் பாத்து ஓடி வந்தப்ப, எனக்கு முன்னாடி நீதான் ரெண்டு கையையும் நீட்டினே. நான் பாத்தேன். கிளார்க் பாக்கலை, உன் நல்ல காலம்.

ஒண்ணு சொல்லணும். கிளம்பறப்ப அவன் என்கிட்ட, "அம்மா, மிஸ்ஸுக்கு நிஜமாவே என்னைப் பிடிக்காமப் போச்சா?"ன்னு கேட்டான். சீ, அப்படியெல்லாம் இல்லைடான்னேன். "இல்லை, நடிப்புன்னா கொஞ்ச நேரம்தானே இருக்கும்?"ன்னான். அதுக்குள்ள பஸ் ஹாரன் அடிச்சுட்டாங்க. நான் அடுத்தவங்க பஸ்ஸுல பயணியா ஏறினா இப்படித்தான், பேச்சுக்கூட முடியாது.

நான் குடுத்த யோசனைதான், அரை பிஸ்கட்னு. இருந்தாலும் உடைஞ்சதை எதுக்குடி குடுத்தே?

அக்கா

*

செப்டம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போன வாரம் நலமா இல்லை, ஜுரம். இப்ப நலம். நீ நலமா?

நர்ஸ் ரூம்ல படுத்திருந்தேன். பகல்ல எல்லாரும் பாக்க வந்தாங்க. மைக் வந்து பாட்டுப் பாடினான், நர்ஸ் அவனைத் துரத்திட்டாங்க. வார்டன் மிஸ் வரவே இல்லை. வாசல்ல நின்னு "மூணாம் நம்பர் எப்படி இருக்கான்?"னு நர்ஸ்கிட்ட கேட்டுட்டுப் போயிட்டாங்க. ஆனா ஒரு விஷயம். நான் தூங்கறப்ப கால் வெளியே இருந்துச்சு. காலையில முழிச்சப்ப ரெண்டு காலும் போர்வைக்குள்ள இருந்துச்சு, போர்வையும் காலுக்கு அடியில மடிச்சு விட்டிருந்துச்சு. நர்ஸ் அப்படி மடிக்க மாட்டாங்க. நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கலை.

ஒரு சந்தோஷமான விஷயம்! இந்த மாசம் சனிக்கிழமை நாடகம். மிஸ் எழுதினது. பேரு "ராஜாவுக்குப் பல்வலி". யாருக்கு என்ன வேஷம்னு பிரின்ஸ்பாலே சீட்டு எடுத்தார். மிஸ் கண்ணை மூடிட்டு ஏதோ வேண்டிக்கிட்டாங்க. எனக்கு ராஜா வேஷம் வந்துச்சு! மிஸ் முகம் வெளுத்துப்போச்சு. மைக் மந்திரி. வக்கீல் பல் டாக்டர். தூங்குமூஞ்சிக்குத் தூங்கற காவல்காரன் வேஷம், அவனுக்கு ஒத்திகையே வேண்டாம்.

எனக்கு ஆறு வசனம். அஞ்சு மனப்பாடம் ஆயிடுச்சு. நீ கண்டிப்பா வரணும்.

உன் மகன் (ராஜா)

*

செப்டம்பர் 21, ஞாயிறு

அக்கா,

நீ சௌக்கியமா? நான் இல்லை.

உனக்கு லீவு கிடைக்காமப் போனதே நல்லது. நேத்து நாடகம். ஹால் நிறைய ஆளுங்க, பக்கத்து ஊர்ப் பெற்றோர் எல்லாம் வந்திருந்தாங்க, முதல் வரிசையில பிரின்ஸ்பால், மடியில குடை. நான் திரைக்குப் பக்கத்துல வசனப் பேப்பரோட நிக்கறேன். நம்ம துரை கிரீடம் வச்சுக்கிட்டு, கன்னத்துல துணி கட்டிக்கிட்டு வந்தான் பாரு, கண்ணே பட்டுடும். அஞ்சு வசனமும் கணீர்னு சொன்னான். ஆறாவது வசனம் வரலை. மேலே பாத்தான், கீழே பாத்தான், கிரீடத்தைச் சரி பண்ணினான். அப்புறம் என் பக்கம் திரும்பி, ஹால் முழுக்கக் கேக்கற மாதிரி சொன்னான்:

"சித்தி, அடுத்தது என்ன?"

பேப்பர் என் கையில இருந்து விழுந்துடுச்சு. அவனுக்கே புரிஞ்சுபோய், வாயைப் பொத்திக்கிட்டு என்னைப் பாக்கறான். அந்தக் கண்ணை நான் என்னிக்கும் மறக்க மாட்டேன்.

அப்பத்தான் அந்த மைக், சத்தமா, "ஆமா சித்தி, எனக்கும் மறந்துபோச்சு!"ன்னான். அவன் வசனம் எல்லாம் அப்பவே முடிஞ்சாச்சு அக்கா, மறக்கறதுக்கு அவனுக்கு ஒண்ணுமே இல்லை. உடனே வக்கீல், "சித்தி, பல்லைப் பிடுங்கட்டுமா, வேண்டாமா?"ன்னு கேக்கறான். தூங்குமூஞ்சி, எதுக்குமே எழுந்திருக்காத அந்தப் பய, எழுந்து உக்காந்து, "சித்தி, நான் முழிச்சுக்கலாமா?"ங்கறான். ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. நாடகமே அப்படித்தான்னு நினைச்சுட்டாங்க.

பிரின்ஸ்பால் சிரிக்கலை. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு, மறுபடியும் போட்டுக்கிட்டு என்னையே பாத்தார்.

இன்னிக்குக் காலையிலேர்ந்து கூடமே என்னைச் சித்திங்குது. சமையல்காரர்கூட "சித்தி, சூப் ரெடி"ங்கறார். அவருக்கு என்னைவிட இருபது வயசாவது கூட இருக்கும். ஒரு பையனோட அப்பா மட்டும் பிரின்ஸ்பால்கிட்ட தனியா ஏதோ பேசிட்டுப் போனாராம், கிளார்க் சொல்றார். என்ன பண்றதுன்னு எழுது.

தங்கை

*

செப்டம்பர் 26

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கறதெல்லாம் அப்புறம். முதல்ல நான் சொல்றதைக் கேளு.

நீ வாயைத் திறக்காதே. நான் டிப்போவுல பேசிட்டேன். பஸ்ஸை விட்டுட்டு, டிக்கெட் கவுன்ட்டர்ல உக்கார்ற வேலை கேட்டிருக்கேன். சம்பளம் குறையும், ஆனா பகல் வேலை, சாயங்காலம் வீட்டுல இருக்கலாம். வர்ற பத்தாம் தேதிக்குள்ள வந்து பையனை எழுதி வாங்கிக் கூட்டிட்டுப் போறேன். பையன் போயிட்டா வார்டனுக்குச் சொந்தம்னு யாரும் இல்லை, ரூலும் மீறலை. உன் வேலை நிக்கும். நீ சிரிச்சு எழுதின லெட்டரை இந்த வருஷம்தான் பாக்கறேன், அதைக் கெடுக்க நான் ஆள் இல்லை.

அவனுக்கு ஜுரம் வந்ததை நீ எழுதவே இல்லை. போர்வையை மடிச்சு விட்டது யாருன்னும் எழுதலை. நானும் கேக்கலை.

அக்கா

*

செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிக்கு உக்காந்து பாக்கற வேலை நல்லதுதான். ஆனா அதுக்காக இவனைக் கூட்டிட்டுப் போறேன்னு வந்தியோ, எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன்.

போன வருஷம் வாரா வாரம் அழுது லெட்டர் எழுதினவன் இவன். இப்ப அவனுக்கு மைக் இருக்கான், வக்கீல் இருக்கான். சனிக்கிழமை வந்தா சைக்கிள் ரேஸ், ஞாயித்துக்கிழமை ஏரிக்கு நடை. முந்தாநாள் ஏரிக்கரையில ஒரு தவளையைப் பிடிச்சு அதுக்குக் கிளார்க் பேரை வச்சிருக்கானுங்க. அவன் சிரிக்கறதைத் தூரத்துலேர்ந்து பாத்துட்டே இருந்தேன். அவனைப் போய் எடுத்துட்டுப் போறேங்கறியே!

பொய் சொன்ன வாய் என் வாய். நான் வேலையை விடறேன்னு எழுதி வச்சாச்சு, பெட்டியும் கட்டியாச்சு. பிரின்ஸ்பால் கூப்பிட்டதும் குடுத்துடுவேன். நீ சோபாவை மட்டும் காலி பண்ணி வை. இதுல நீ எனக்கு அக்காங்கற அதிகாரம் எல்லாம் செல்லாது.

மாமாவுக்கு இதெல்லாம் எழுதாதே, நடுக்கடல்ல கவலைப்படுவார்.

தங்கை

*

அக்டோபர் 5, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம் இல்லை, கோபமா இருக்கேன். நீ நலமா?

எல்லாரும் மிஸ்ஸைச் சித்தின்னு கூப்பிடறாங்க. தூங்குமூஞ்சிகூட. அவனுக்குச் சொந்தமா மூணு சித்தி இருக்காங்க அம்மா! எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். இங்க நான் மட்டும்தான் மிஸ்னு கூப்பிடறேன். இது என்ன நியாயம்?

எல்லாருக்கும் முதல் வாரமே தெரியுமாம். நான் தூக்கத்துல சொன்னேனாம். மைக் கேட்டானாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வக்கீல் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினானாம். எனக்கு மட்டும் தெரியாது.

நாளைக்குப் பிரின்ஸ்பால் எங்க எல்லாரையும் தனித்தனியா கூப்பிட்டு, வார்டன் உனக்கு என்ன உறவுன்னு கேக்கப் போறாராம். எல்லாரும் சித்தின்னு சொல்லணும், அப்ப அவருக்கு யாருன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு வக்கீல் சொல்றான். நீயும் சொல்லலாம்டான்னு என்கிட்ட சொன்னான். ஆனா நான் சொன்னா என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டா?

மிஸ் ரூமைக் கூட்டறப்ப கட்டிலுக்கு அடியில பெட்டி கட்டி வச்சிருக்கறதைப் பாத்தேன். எங்கேயும் போகக் கூடாதுன்னு நான் சொன்னதா யாராவது அவங்ககிட்ட சொல்லணும். உன் பதில் வர்றதுக்குள்ள நாளைக்கு வந்துடும். நானே யோசிக்கறேன்.

உன் மகன்

*

அக்டோபர் 8

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தாங்களும் கடலில் பணிபுரியும் தங்கள் கணவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தோட்டத்துக் கேரட்டுகளைத் தவிர இங்கு அனைவரும் நலம்.

எங்கள் விடுதி வார்டனுக்கு இங்கு பயிலும் மாணவன் ஒருவன் உறவு என்று ஒரு புகார் வந்தது. பள்ளி விதிப்படி, அவ்வாறு இருந்தால் இருவரில் ஒருவர் வெளியேற வேண்டும். எனவே திங்கட்கிழமையன்று முப்பத்திரண்டு மாணவர்களையும் தனித்தனியே விசாரித்தேன்.

முப்பத்தொரு மாணவர்கள் வார்டன் தங்களுக்குச் சித்தி என்று உறுதியாகக் கூறினார்கள். எந்த வழியில் என்று கேட்டதற்கு, "அம்மாவோட கூடப்பிறந்த தங்கச்சி" என்றார்கள். அவர்களில் ஒருவனுடைய அம்மா வீட்டுக்கு ஒரே பெண். இன்னொருவனுடைய அம்மா ஏழு பேரில் கடைசி. மாணவ வழக்கறிஞர் ஒருவர், "பிறப்பால் வருவது மட்டும்தான் உறவு என்று விதியில் எங்கே இருக்கிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். விதியை எடுத்துப் பார்த்தேன். இல்லை.

தங்கள் மகன் மட்டும் வேறு பதில் சொன்னான். "அவங்க எனக்கு யாரும் இல்லை சார். வெறும் மிஸ்தான்" என்றான். சொல்லிவிட்டு என் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

முடிவு வருமாறு. உறவு காரணமாக மாணவர்களை அனுப்புவதென்றால் முப்பத்தொரு பேரை அனுப்ப வேண்டிவரும்; விடுதியை மூட வேண்டியதுதான். வார்டனை அனுப்பினால் அத்தனை பேருக்கும் சித்தி இல்லாமல் போய்விடும். உறவே இல்லை என்று தன் வாயால் சொன்ன ஒரே மாணவன் தங்கள் மகன். ஆகவே அவன் இங்கு தொடர்ந்து படிப்பதில் பள்ளிக்கு எந்தச் சிக்கலும் இல்லை. வார்டனின் பணி நிரந்தரம் செய்யப்படுகிறது. அவர் கொடுத்த விலகல் கடிதம் என் குடைக்குள் எங்கோ விழுந்துவிட்டது, கிடைக்கவில்லை.

ஒரு குழந்தைக்கு மட்டும் சலுகை போய்விடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி இது. சனிக்கிழமை வேலைகளைப் பார்வையிட்டேன். குளியலறைத் தரை தொடர்ந்து ஒரே மாணவனுக்குத்தான் போயிருக்கிறது. அதை மாற்றும்படி வார்டனிடம் சொல்லியிருக்கிறேன். தாங்கள் இவ்வளவு தூரம் வர வேண்டிய அவசியம் இல்லை. முட்டி வலி என்று கேள்விப்பட்டேன். எப்படிக் கேள்விப்பட்டேன் என்று கேட்க வேண்டாம்.

பள்ளி முதல்வர்

*

அக்டோபர் 12, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா? அப்பாவுக்கும் நலமான்னு எழுது.

இந்த சனிக்கிழமை எனக்கு ஜன்னல் வேலை வந்துச்சு. ஜன்னல் ரொம்ப ஜாலி. பிஸ்கட்டும் முழுசா குடுத்தாங்க. மிஸ் பெட்டியைப் பிரிச்சுட்டாங்க, துணியெல்லாம் கொடியில காயுது.

அம்மா, பிரின்ஸ்பால் ரூம்ல நான் பொய் சொல்லிட்டேன். எல்லாரும்தான் பொய் சொன்னாங்க, ஆனா அவங்க பொய் எல்லாம் நல்லா இருந்துச்சு. என் பொய்தான் நல்லாவே இல்லை. சொல்றப்ப வாய் கசந்துச்சு. மிஸ் கதவுக்கு வெளியேதான் நின்னாங்க, அவங்களுக்குக் கேட்டிருக்கும். அது பொய்யுன்னு அவங்களுக்குத் தெரியுமா? தெரியலைன்னா என்ன பண்றது? நீ கேட்டு எழுது. நான் கேக்க முடியாது, இங்க எப்பவும் பக்கத்துல யாராவது இருக்காங்க.

உன் மகன்

அக்கா, பசங்க லெட்டர்ல வார்டன் எழுதக் கூடாதுன்னு ரூல். இருந்துட்டுப் போகட்டும். உனக்கு நலம்தானே? எனக்கு நலம்.

இதைப் படிச்ச கையோட கூடத்துக்கு ஓடினேன். கட்டில்ல உக்காந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கிட்டிருந்தான். சுத்தி எல்லாப் பயலும் இருந்தானுங்க. என்னால அடக்க முடியலை, "தெரியும்டா"ன்னேன். நிமிர்ந்து பாத்து, "என்ன தெரியும் மிஸ்?"னு கேட்டான். முகத்துல ஒண்ணுமே காட்டலை. மேடையில வராத நடிப்பு எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சோ தெரியலை. நான் அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னாடியும், அழுதுட்டேன் அக்கா. எல்லாரும் என்னைச் சூழ்ந்துக்கிட்டு "என்ன ஆச்சு சித்தி, என்ன ஆச்சு சித்தி"ன்னு கத்தறாங்க. அவன் மட்டும் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டி, "இந்தாங்க மிஸ்"ங்கறான்.